இக்னேஷியஸ் வீசிய தூண்டில்

இக்னேஷியஸுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. ஆனால் ராயபுரத்தில் அவனைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் தூண்டிலைத்தான் சொல்வார்கள். ஞாயிறு பூசை முடிந்து கடற்கரைக் கல்மேல் நின்று வீசினான் என்றால், முள் அவன் சொன்ன இடத்தில் போய் விழும். பத்து வயதிலிருந்தே அப்படி. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் 1968-இல் ஒரு பட்டப்பகலில் அந்த வித்தையைச் சொந்த அண்ணன் வீட்டு ஜன்னலில் காட்டி மாட்டிக்கொண்டான், பாவி மனுஷன்!

அண்ணன் பாஸ்கல் இருந்தது அடுத்த தெருவில். மாதா திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் யார் தோள் கொடுப்பது என்று மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு வாய்ச்சண்டை. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது இக்னேஷியஸின் மகள் ஐரீனுக்குத் திங்கட்கிழமை கல்யாணம், அண்ணனுக்குப் பத்திரிகைகூடப் போகவில்லை. ஆனால் ஐரீன் தலையில் போட வேண்டிய முக்காடு, அவன் அம்மா தன் கல்யாணத்தில் போட்டது, அண்ணன் வீட்டு ஆணியில் அல்லவா தொங்குகிறது! போய்க் கேட்க ரோஷம் விடுமா? வீடு பூட்டியிருந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே நின்று தூண்டிலை வீசி இழுத்துவிட்டான். எதிர்வீட்டுக் குப்பம்மா பார்த்துவிட்டாள்.

பாஸ்கல் தம்பியை ஸ்டேஷனுக்கே இழுத்துப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தான்.

“இன்னா ஏட்டய்யா பாத்துகினு கீறீங்க? கன்னக்களவுன்னு எழுதி உள்ள தள்ளுங்க!”

இக்னேஷியஸ் விரல்விட்டு நாள் எண்ணினான். திங்கட்கிழமை லாக்கப்பில் கிடந்தால் மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போவது யார்?

ஏட்டு அப்பாவு சட்டப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டினார்.

“மனுசன் போவாத வழியில உள்ள பூந்தா கன்னக்களவுதான். ஜன்னல் மனுசன் போற வழி இல்ல, வாஸ்தவம். ஆனா உடம்புல ஒரு விரலாச்சும் உள்ள போயிருக்கணும். உன் விரல் போச்சா?”

“மாதா சத்தியமா இல்ல ஏட்டய்யா. கம்பிக்கு இந்தாண்டயே நின்னேன். முள்ளுதான் போச்சு.”

“அப்ப கன்னக்களவு இல்ல. திருட்டா இல்லியான்றது அப்பால.”

பாஸ்கல் விடவில்லை. “கை வுடாம எப்புடி எடுப்பான்? டூப்பு! செஞ்சு காட்டச் சொல்லுங்க!”

மூவரும் தூண்டிலோடு பாஸ்கல் வீட்டு ஜன்னலுக்குப் போனார்கள். பாஸ்கல் பூட்டைத் திறந்து உள்ளே போய் அதே ஆணியில் ஒரு துண்டை மாட்டினான். தெருவே கூடிவிட்டது. இக்னேஷியஸ் கம்பியைத் தொடாமல் நின்று வீசினான். வீசும்போது கண் ஏட்டுப் பக்கம் போனது. முள் துண்டை விட்டுவிட்டு, அலமாரி மேலிருந்த காகிதப் பொட்டலத்தின் நூலில் மாட்டியது.

“டேய், அத்த வுடுடா!” என்று பாஸ்கல் அலறினான்.

பழக்க தோஷம், கை இழுத்துவிட்டது. பொட்டலம் ஜன்னல் கம்பியில் மோதிக் கிழிந்தது. உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. மேலே ஒரு சீட்டு: ‘ஐரீனுக்கு, பெரியப்பா.’

பாஸ்கல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “பத்திரிக வரும்னு வாங்கி வெச்சேன்.”

இக்னேஷியஸ் தூண்டிலைக் கீழே போட்டான். ஜன்னலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, படிக்கு வெளியே நின்றான்.

“உள்ள வரலாமா அண்ணாத்தே? பத்திரிக வெக்கணும்.”

“வாடா, நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு இன்னாடா பர்மிசன்?”

ஏட்டு புகாரைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இக்னேஷியஸுக்குக் குறி தப்பியது ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.