சாவித்திரி வீட்டு வெயில்

சோலார் விளம்பரங்களில் வரும் மாடிகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும். ஒன்றில்கூட ஒரு துணி காயாது. குடியாத்தத்தில் அப்படி ஒரு காலி மாடியைக் காட்டுங்கள், நானே வந்து மாலை போடுகிறேன்.

எதிர்வீட்டு சாவித்திரியின் மாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே அவள் கணவர் பரந்தாமனுக்கு நான்கு விசைத்தறி, லுங்கி ஓடுகிறது. மேலே சாவித்திரிக்குச் சாயவேலை. சாயம் தோய்த்த நூலைச் சிட்டம் சிட்டமாக மூங்கிலில் மாட்டிக் காயப்போடுவாள். சொந்தத் தறிக்கு மட்டுமல்ல, தெருவில் பாதித் தறிக்கு அவள் போடும் சாயம்தான். மகள் ஸ்வேதாவின் நர்சிங் படிப்பே அந்த மூங்கிலில்தான் தொங்குகிறது.

போன தை மாதம், கரண்ட் பில்லுக்குப் பயந்து பரந்தாமன் மாடியில் ஆறு சோலார் பலகைகளைப் பொருத்தினார். மூங்கில்கள் ஓர் ஓரத்துக்குப் போயின. அதன்பின் மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இந்நேரம் எத்தனை யூனிட் என்று போவோர் வருவோரிடமெல்லாம் படித்துக் காட்டினார். அவரிடம் மாட்டாமல் தெருவைக் கடப்பதே எங்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

இரண்டாவது வாரம், உச்சி வெயிலில் யூனிட் படுத்துவிட்டது. மூன்று நாளாக இதே கதை. பலகை டூப்ளிகேட் என்று பரந்தாமன் குதித்தார். பொருத்திக் கொடுத்த செந்தில்குமார் பாகாயத்திலிருந்து பைக்கில் பறந்து வந்து மாடியேறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். இதையெல்லாம் விட முடியுமா?

ஆறு பலகைகள் மேலும் சிவப்புச் சிட்டங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. கண்ணாடி நன்றாகச் சுடுகிறது, நூல் பாதி நேரத்தில் காய்ந்துவிடுகிறது என்று சாவித்திரி சந்தோஷமாக விளக்கினாள். செந்தில்குமார் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு பலகையில் நிழல் விழுந்தாலே மற்றவையும் சுணங்கும், இனி மூங்கில்கூட மாடியில் நிற்கக் கூடாது என்றார். சாயவேலையை வேறெங்காவது மாற்றிக்கொள் என்று பரந்தாமனும் சேர்ந்துகொண்டார். எங்கள் தெரு இருக்கும் நெருக்கத்தில் எங்கே மாற்றுவது?

"அக்கா, சோலார்னா இன்னான்னு உங்களுக்குப் புரியல," என்றார் செந்தில்குமார்.

சாவித்திரி சிட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து இருவது வருசமா வெயில்லதான் தம்பி தொழில் பண்றேன். அவரு இப்பதான் ஆரம்பிச்சிருக்காரு. பலகைய மேல தூக்கி வைங்க. அடியில எனக்குக் காத்தும் சாய்ஞ்ச வெயிலும் வந்தாப் போதும்."

பரந்தாமன் செலவைப் பற்றி வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

செந்தில்குமார் பையிலிருந்து டேப்பை எடுத்தார். மூங்கிலில் சிட்டம் மாட்டும்போது நிற்பதுபோலச் சாவித்திரியைக் கையை உயர்த்தச் சொல்லி, தரையிலிருந்து அவள் விரல்நுனிவரை அளந்தார். அதற்கு மேல் ஓரடி சேர்த்து எழுதிக்கொண்டார்.