நாலாவது கை

எங்கள் வீட்டில் தோற்றவர்களின் காதில் குணுக்குத் தொங்கும். முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிற வீடுகளில் உள்ள வழக்கம்தான். காசு வைத்து ஆடினால் அது சூது, பிடித்துக்கொண்டு போவார்கள். குணுக்கு வைத்து ஆடினால் பொழுதுபோக்கு. மற்ற வீடுகளில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் காதில் மாட்டிச் சிரித்துவிட்டுக் கழற்றிவிடுவார்கள். அப்பாவுக்கு அது போதாது. ஈர்க்கை வளைத்துப் பூவரசங்காய் கோத்து இரண்டு சோடி செய்து, பழைய பால்மாத் தகர ரின்னுக்குள் பக்குவமாக வைத்திருந்தார். கிளிநொச்சியை விட்டு ஓடிய அன்று அம்மாவின் தையல் மெசினை விட்டுவிட்டு அந்த ரின்னையும் காட்ஸ் கட்டையும் எடுத்து வந்த மனுசன் அவர். அம்மா அதற்காக அவரை மன்னித்ததே இல்லை.

தொண்ணூற்றாறுக்குப் பிறகு துணுக்காய்ப் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். அப்பா குடியேற்றத் திட்டத்தில் நெல் விதைத்தவர். வயல் அங்கே, வாய்க்கால் அங்கே, நடுவில் ஆமி, நாங்கள் இங்கே. கூலிக்கு யாரும் கூப்பிட்டால் போவார். கூப்பிடாத நாளில், அதாவது பெரும்பாலான நாட்களில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலை மரத்தின் கீழ் பாய் விரியும்.

நாலு பேர், இரண்டு கட்சி. எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. அம்மாவும் அண்ணாவும் ஒரு பக்கம், அப்பாவும் நானும் மறுபக்கம். இந்த விளையாட்டில் ஜாக்குக்குப் பெறுமதி முப்பது, ராசாவுக்கு வெறும் மூன்று. ராசாவுக்கு மூன்று என்று வைத்தவன் நாட்டு நடப்புத் தெரிந்தவன் என்பார் அப்பா. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்கிற பக்கத்துக் காணிக்காரரிடம் போய் இரண்டு பக்கத்துச் செய்தியையும் கேட்டுவிட்டு வருவார். இரண்டையும் நம்பினால் இரண்டு பக்கமும் வென்றிருக்கும். வயல் மட்டும் ஏன் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை என்று பாயில் இருந்து புறுபுறுப்பார். புறுபுறுப்பதையும் சீட்டுக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார். வேலிக்குக் காது இருந்த காலம் அது.

எனக்கு அப்போது பதினேழு வயது. தோற்கவே பிடிக்காது. தோற்றால் சீட்டுகளை வீசி எறிவேன். ஒருமுறை அப்படி எறிந்ததில் ஹார்ட்ஸ் ஜாக் காற்றில் போய் எங்கோ தொலைந்துவிட்டது. அப்பா கலண்டர் மட்டையை வெட்டி, சிவப்புப் பேனையால் கீறி, அதன் இடத்தில் ஒன்றைச் சேர்த்தார். மற்றச் சீட்டுகளைவிடத் தடிப்பாக, முதுகு வெள்ளையாக இருக்கும். எவர் கையில் இருக்கிறதென்று நாலு பேருக்கும் தெரியும். அண்ணா அதையும் தனக்கு வசதியாக்கிக்கொண்டார். அவர் விளையாடுவது தன் கையை மட்டுமல்ல, மற்ற மூன்று பேரின் கையையும்தான். அவருக்கு ஒரு பழக்கம். நல்ல துரும்பு, மற்றச் சீட்டுகளை வெட்டுகிற சீட்டு, கையில் இருந்தாலும் ஆறாவது சுற்றுவரை காட்டமாட்டார். இனி அவரிடம் துரும்பு இல்லை என்று நாங்கள் துணிந்து இறங்கும்போது மெல்ல எடுத்து வைப்பார். எனக்கு அடித்துக்கொல்ல வேண்டும்போல வரும்.

தொண்ணூற்றேழு தை மாதம், ரியூசனுக்குப் போன அண்ணா திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் இயக்கத்தில் இருந்து ஒருவர் அவருடைய சைக்கிளை மட்டும் கொண்டுவந்து வாசல் படலையில் சாத்திவிட்டு, உங்கள் மகன் எங்களோடு இணைந்துவிட்டார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். சனம் வந்து பார்த்தது. சிலர் பெருமை என்றார்கள், சிலர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவுக்குக் கத்தவும் வழியில்லை, அழவும் வழியில்லை. சைக்கிளைக் கழுவித் துடைத்துக் கொட்டிலுக்குள் வைத்தார்.

ஒரு மாதம் பாய் விரியவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அம்மாவே விரித்தார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தி, சீட்டைக் கலைத்து, நாலு கை பகிர்ந்தார். அண்ணாவின் இடத்தில் எட்டுச் சீட்டும் குப்புறக் கிடந்தன. அந்தக் கையை எவரும் பார்க்கக் கூடாது, அதன் முறை வரும்போது மேலே இருக்கிற சீட்டை நானே திருப்பிப் போடுவேன், எது வந்தாலும் செல்லும் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். விளையாட்டுச் சட்டத்துக்கு அது சுத்தப் பிழை. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அம்மா வாய் திறந்து பேசிய முதல் விசயம் அதுதான். நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

அந்தக் கை வென்றது.

முதல் நாள் சிரித்தோம். இரண்டாம் நாளும் வென்றது. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கைக்கு இடைக்கிடை அதிட்டம் அடிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் அதிட்டம் அடிக்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் ஐந்து சுற்றிலும் ஏழும் எட்டும் ராணியுமாக உதவாத சீட்டுகள் வரும். ஆறாவது சுற்றில் அம்மாவின் விரல் திருப்பும் சீட்டு துரும்பாக இருக்கும். சில நாள் அந்தக் கலண்டர் மட்டை, எட்டுச் சீட்டுக்கு நடுவில் தடிப்பாகத் துருத்திக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருப்பதுபோலக் கிடக்கும். மேலே இருந்து எண்ணிப் பார்ப்பேன். ஆறாவதாகவே இருக்கும். வெயில் கொளுத்தும் நேரம், காகமும் கத்தாது. வடக்கே எங்கோ ஷெல் விழுகிற சத்தம் மட்டும் நிலத்துக்குள்ளால் வந்து பாயில் தட்டும். உள்ளங்கால் குளிர்ந்துபோகும் எனக்கு. பயந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கம் இல்லை.

அம்மா பயப்படவில்லை. அவருக்கு அது அண்ணாவிடமிருந்து வருகிற கடிதம்போல ஆகிவிட்டது. அந்தக் கை வென்ற நாளில் சாப்பிடுவார், பக்கத்துக் காணிக்குப் போய்க் கதைத்துவிட்டு வருவார். தோற்ற நாளில் அடுப்பு மூட்டமாட்டார். பிள்ளையார் கோயிலடியில் போய்ப் பொழுது படும்வரை நிற்பார். அதனால் சண்டைச் சத்தம் கூடுதலாகக் கேட்ட நாட்களில் நான் விட்டுக்கொடுக்கத் தொடங்கினேன். வெட்டக்கூடிய இடத்தில் வெட்டாமல் விடுவேன். ஒரு வருசத்துக்கு மேலாக நடந்த விளையாட்டில் அப்படி ஒரு நாலைந்து தரம் செய்திருப்பேன். மற்ற நாட்களில் அப்பா விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் பயம் கொஞ்சம் விட்டது.

அந்தக் காலத்தில் அப்பாவின் காதில் குணுக்கு இல்லாத பொழுது குறைவு. அண்ணாவுக்கு லீவு கேட்பதற்காக ஒருநாள் இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போனார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் கடிதம் எல்லாம் ஒழுங்கு. போய் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்த பிறகு, பொறுப்பாக இருந்தவர் அவருடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பா கையை வைத்துப் பார்த்தால் பூவரசங்காய். பிறகு எங்களுக்கு அவர் சொன்னது இது:

“ஐயா, காதிலை என்ன?” என்று கேட்டாராம் அந்தப் பொறுப்பாளர்.

“மகனிட்டைத் தோத்துப்போனன் தம்பி.”

“எந்த மகன்?”

“நீங்கள் வைச்சிருக்கிற மகன்தான்.”

அந்தப் பொறுப்பாளர் சிரிக்கவில்லையாம். கடிதத்தை வாங்கி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தாராம். அப்பா குணுக்கைக் கழற்ற மறந்து அப்படியே சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாதக்கணக்காக அவர் போட்ட மனு எதற்கும் கிடைக்காத பதில் அந்தக் குணுக்குக்குக் கிடைத்தது. இரண்டு கிழமையில் அண்ணா வந்தார். மூன்று நாள் லீவு.

மெலிந்து, கறுத்து, கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிற ஒருவராக வந்திருந்தார். அம்மா கோழி அடித்தார். தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். அவருடைய முகத்தை மட்டும் அதிகம் பார்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஏனென்று விளங்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா பாய் விரித்தார். நாலு கை பகிர்ந்தார். அண்ணா சிரித்துக்கொண்டு வந்து தன் இடத்தில் இருக்கக் குனிந்தார். அம்மா கையை நீட்டி மறித்தார்.

“நீ நிக்கிறது மூண்டு நாள். நீ போன பிறகு ஆர் உன்னைப் பாக்கிறது? அந்தக் கையைக் குழப்பாதை.”

பகிடி என்று நினைத்து அண்ணா எங்களைப் பார்த்தார். அப்பா தன் சீட்டுகளை அடுக்கினார். நானும் அடுக்கினேன். அண்ணா நிமிர்ந்து போய்ப் பாலை மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். எங்களுக்குப் பக்கத்தில், தன் இடத்துக்குப் பின்னால், தான் இல்லாமல் தான் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு வந்தது, எட்டு வந்தது. ஆறாவது சுற்றில் அம்மா ஒரு துரும்பைத் திருப்பினார். அண்ணாவின் மூச்சு எனக்குக் கேட்டது.

“நான் நல்லாத்தான் விளையாடுறன்,” என்றார் அண்ணா.

அடுத்த ஆட்டத்தில் அம்மா பகிர்ந்து முடித்ததும் அண்ணா கேளாமலே தன் இடத்தில் வந்து இருந்து அந்த எட்டுச் சீட்டையும் எடுத்து விரித்தார். ஒரு வருசத்துக்கும் மேலாக எவரும் விரித்துப் பார்க்காத கை. அதன் பிறகு அம்மாவின் கண் அண்ணாவின் முகத்தை விட்டு அசையவில்லை.

துரும்பு ஹார்ட்ஸ். கலண்டர் மட்டை என் கையில் இருந்தது. அண்ணா இன்றைக்குத் தோற்றால் அம்மா என்ன ஆவார் என்ற ஒன்றுதான் மண்டைக்குள். அண்ணா ஹார்ட்ஸ் ஒன்பதை எடுத்து வைத்தார். இருபது பெறுமதி. அதை அடிக்க ஜாக் ஒன்றால்தான் முடியும். நான் ஹார்ட்ஸ் எட்டைப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. வெள்ளை முதுகுச் சீட்டு என் கையில் துருத்திக்கொண்டு நிற்கிறது, அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஒன்பதை வைத்திருக்கிறார்.

“செத்துப்போனவைக்குத்தான் விட்டுக்குடுக்கிறது. எனக்கேன் விட்டுக்குடுக்கிறாய்?”

மெதுவாகத்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பிடிபட்டால் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

“ஒவ்வொரு நாளும் உங்களுக்கு விட்டுக்குடுத்துக்கொண்டுதானே இருக்கிறம்,” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்திருந்தார். அம்மா தன் சீட்டுகளைக் கூட்டி, மற்றவர்களுடையதையும் வாங்கி, கட்டாக்கி, ரின்னுக்குள் வைத்து மூடினார். ஆட்டம் முடியாமலே முடிந்தது. மூன்றாம் நாள் அண்ணா போய்வருகிறேன் என்று சொன்னபோது அம்மா அவருடைய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார், அளவெடுப்பதுபோல.

அவர் போன அடுத்த நாள் மத்தியானம் பாய் விரிந்தது. அம்மா மூன்று கை பகிர்ந்தார்.

மூன்று பேரும் ஆடலாம். ருசி இருக்காது, அவ்வளவுதான். அண்ணாவின் இடத்தில் பாய் வெறுமனே கிடந்தது. நாங்கள் ஆளுக்கொரு சுற்று ஆடிவிட்டு எழும்பினோம். பின்னேரம் கிணற்றடியில் அப்பா என் வாளியை வாங்கி நிலத்தில் வைத்தார்.

“நீ எத்தினை தரம் விட்டுக்குடுத்தனி?”

நாலைந்து தரம் இருக்கும் என்றேன். மிச்சம் எல்லாம் நீங்கள்தானே என்றேன்.

அப்பா இல்லை என்று தலையாட்டினார். “நான் ஒருக்காலும் விட்டுக்குடுக்கேல்லை பிள்ளை. நீ எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

நான் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். வென்ற நாட்களை எல்லாம் மனதில் திருப்பிப் பார்த்தேன். மாசி, பங்குனி, பிறகு ஒரு முழு மழைக்காலம். என் நாலைந்து தரம் போக, அவ்வளவு நாளும் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அது தானாகவே வென்றிருந்தது. அதைத்தான் நான் ஒரு சொல்லில் பொய்யாக்கி அம்மாவின் கையில் கொடுத்திருந்தேன்.

இரண்டு பேரும் ஓடாத குறையாகக் குசினிக்குப் போனோம். அப்பா சொன்னார். நான் சத்தியம் செய்தேன், தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நாலு கை பகிருங்கோ அம்மா, இனிமேலும் பகிருங்கோ என்று கெஞ்சினேன். அம்மா புகைந்த அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. எங்கள்மேல் இரக்கப்படுவதுபோல இருந்தது.

“இப்ப எனக்கும் விட்டுக்குடுக்கிறியள், என்ன?” என்றார்.

நாலு மாதம் மூன்று பேராக விளையாடினோம். அண்ணா களத்தில் எங்கே நின்றார் என்று எங்களுக்குத் தெரியாது. ஷெல்லுக்குக் காட்ஸ் விளையாடத் தெரியாது என்று என் புத்தி சொல்லும், இன்றைக்கும் சொல்கிறது. ஒருநாளாவது அதை முழுதாக நம்பி நித்திரை கொண்டேன் என்று சொன்னால் அது பொய்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் படலையடியில் இயக்கத்தில் இருந்து இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். அப்பா எழும்பக்கூட இல்லை. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். அவர்கள் வாய் திறக்கமுன்னம் அவரே கேட்டார்.

“எந்த இடத்திலை?”