வலமிருந்து இடமாகப் படித்த ராஜகோபால்

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் பக்தவச்சலத்தின் வெற்றிலைக் கடையில் அந்த வருஷம் ஒரு பேச்சு உருண்டுகொண்டிருந்தது. கம்பாசிட்டர் ராஜகோபால், செத்துப்போன பெண்டாட்டியைத் திரும்பக் கூப்பிடுகிறானாம். யூதர்களின் மந்திரச் சுருள் ஒன்றை வைத்துக்கொண்டு வலமிருந்து இடமாகப் படிக்கிறானாம். படித்து முடித்தால் நடந்ததெல்லாம் பின்னோக்கிப் போய், கோமளவல்லி எழுந்து வந்துவிடுவாளாம். வந்தால் முதலில் யாரைத் திட்டுவாள் என்றுகூட அங்கே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

நடந்தது வேறு. சொல்கிறேன், கேளுங்கள்.

ராஜகோபால் பட்டணத்தில் வேதாகமம் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் எழுத்துக் கோத்தவன். யூதர்களின் எபிரேய எழுத்து வலமிருந்து இடமாக ஓடும்; அந்த எழுத்துப் பெட்டி அவன் பொறுப்பில்தான் இருந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானபோது பிரஸைப் பூட்டினார்கள். ஊருக்கு வந்தான். வந்த மாதமே கோமளவல்லி காய்ச்சலில் போய்விட்டாள். அவன் அழவில்லை. காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்தான். தங்கை ரத்தினம்மாள் வந்து சமைத்துப் போட்டாள். உப்பில்லாவிட்டாலும் சாப்பிட்டான்.

அதே குண்டுக்குப் பயந்து ஞானமுத்து பாதிரியாரும் திருத்தணிக்கு வந்திருந்தார். கொச்சி யூதர்களிடமிருந்து வாங்கிய பழைய வேதச் சுருளில் ஒரு துண்டு அவரிடம் இருந்தது. ஆட்டுத்தோலில் மசியால் எழுதியது. அதை அச்சுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்க ஆள் தேடினார். ராஜகோபாலுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் முக்கால்வாசி தெரியாது. அது போதும் என்று கொடுத்தனுப்பினார்.

"ஒரு எழுத்துகூட அழியக்கூடாது. அழிஞ்சா வேலை அத்தோட முடிஞ்சிது" என்றார்.

காலையில் சுருளை விரித்து உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை எழ மாட்டான். அது ஒன்றுக்காகத்தான் பாயை விட்டே எழுந்தான்.

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிடுவார்கள், அன்றைக்கு யாரும் படிக்கக்கூடாது. சும்மா இருக்க முடியாமல் ராஜகோபால் கூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தான். கொடியில் கோமளவல்லியின் புடவை ஒன்றை இன்னும் யாரும் எடுக்கவில்லை. உள்ளே திரும்பி வந்தபோது சரஸ்வதி படத்துக்கு முன்னால் சுருள் விரிந்து கிடந்தது. வரிசை வரிசையாகச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"என்னம்மா பண்ணே?"

"பொட்டு வெச்சேண்ணா. ஊரே மந்திரம் மந்திரம்னு பேசிகினு இருக்குது. சரஸ்வதி காலாண்ட வெச்சிட்டா வாயை மூடுவாங்க இல்ல?"

"அது ஆட்டுத்தோலு."

ரத்தினம்மாள் தன் விரலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். ராஜகோபால் துணியால் ஒற்றிப் பார்த்தான். சந்தனத்தோடு எழுத்தும் துணிக்கு வந்தது. அதற்குமேல் ஒற்றவில்லை.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தான். பாதிரியார் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை.

"வேணும்னு செய்யலைன்னு தெரியுது. ஆனா இது இனிமே உங்க வீட்ல வேணாம், ராஜகோபால்."

"சரிங்க."

"வேற எதுனா வேலை சொல்லி வைக்கட்டுமா?"

"வேணாங்க."

திரும்பி வரும்போது வெற்றிலைக் கடையில் வழக்கமான கூட்டம் உட்கார்ந்திருந்தது. பக்தவச்சலம் சுண்ணாம்பு தடவியபடியே கேட்டான்: "இன்னாபா, கையை வீசிகினு வர்றே? பாதி படிப்போட நின்னுச்சா? அப்போ கோமளவல்லி தங்கச்சி பாதி தூரம் வந்து நின்னுகினு இருக்குமே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜகோபால் நின்றான். கோபப்பட்டவன் மாதிரியும் இல்லை, வருத்தப்பட்டவன் மாதிரியும் இல்லை. ரயில் நேரம் கேட்டவனுக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னான்.

"அவளைக் கூப்பிடறதுக்கு இல்லபா. அதைப் படிச்சிகினு இருந்தா அவ நெனப்பு வராது. அதுக்குத்தான் படிச்சேன்."