மிதவையில் துணி காட்டியவன்

இது நடந்தது. கட்டிச் சொல்ல எனக்கு வராது, அவ்வளவு படிப்பும் கிடையாது. உத்திராபதி இன்றைக்கும் நாகப்பட்டினம் பக்கம் உயிரோடுதான் இருக்கிறான். அன்றைக்குப் படகில் கூட இருந்த அவன் மச்சினன் தங்கையன், அழுதுகொண்டே என்னிடம் சொன்னது இது.

கடலுக்குள் காற்றாலை நடப்போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. அதற்கு முன்னால் காற்றை அளக்க வேண்டுமாம். கரை தெரியாத தூரத்தில், வீடு உயரத்துக்கு ஒரு மஞ்சள் மிதவையைச் சங்கிலி போட்டு நிறுத்தினார்கள். ஊர்க் கூட்டத்தில் ஒரே சண்டை.

"வயல்ல எண்ணெய்க் குழாய் எறக்குனப்பவும் இப்படித்தான் சிரிச்சிக்கிட்டே வந்தானுங்க. நாளைக்கு இந்தப் பக்கம் வலை போடாதேம்பான்" என்றான் காயாரோகணம்.

"நெலத்தப் புடுங்காம கரண்டு வருதுல்ல? நம்ம பயலுவளுக்கு வேலை வருதுல்ல?" என்றான் உத்திராபதி.

"கம்பெனிக்கு மருமவனாயிட்டியா? சீர் என்னா செஞ்சாங்க?" என்றான் காயாரோகணம்.

ஊரே சிரித்தது. உத்திராபதிக்கு அது உள்ளே தைத்துவிட்டது. மறு வாரமே கம்பெனிக்குக் காவல் படகு ஓட்டப் போய்விட்டான். மிதவைக்கு அடியில் மீன் கூடும். அதைத் தேடி வலைக்காரர்கள் நெருங்குவார்கள். அவர்களை விரட்டுவதுதான் வேலை.

அன்றைக்கு உச்சிப் பொழுது. காவல் படகில் உத்திராபதியும் தங்கையனும். முதல் நாள் ராத்திரி அடித்த சூறை ஓய்ந்து, கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. பொட்டுக் காற்று இல்லை. மிதவையின் உச்சியில் காற்றாடிகூட அசையவில்லை.

அதன்மேல் ஒரு ஆள் நின்றான். கையைத் தூக்கிச் சிவப்புத் துண்டைக் காட்டினான்.

"காயாரோகணம் மாதிரி இருக்கு மச்சான். படகக் காணுமே..." என்றான் தங்கையன்.

"எவனாச்சும் எறக்கி விட்டுட்டுப் போயிருப்பான். நாம கிட்டப் போனா, கம்பெனி ஆளு அடிச்சான்னு கத்துவான்."

கடலில் துணி காட்டினால் போயாக வேண்டும். வெட்டுப் பகையாக இருந்தாலும் போயாக வேண்டும். எங்கள் கரையில் அதுதான் கட்டு. உத்திராபதிக்குத் தெரியாதா?

"துணி காட்டுறான் மச்சான்."

"காட்டட்டும். வெயில்ல நின்னு காயட்டும். மருமவன்னானே!"

அப்போதுதான் தங்கையன் கவனித்தான். காற்றே இல்லை. ஆனால் அந்தத் துண்டு மட்டும்... படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

டங்... டங்... மிதவைப் பக்கமிருந்து சத்தம்.

"என்ன மச்சான் அது?"

"சங்கிலி."

அலை இல்லாத கடலில் சங்கிலி எப்படித் தட்டும்? உத்திராபதி படகைத் திருப்பினான்.

படகு விலக விலக மிதவை சிறுத்தது.

ஆள் சிறுக்கவில்லை.

"திரும்பிப் பாக்காதடா" என்றான் உத்திராபதி.

டங்...

மறுநாள் காலையில் மிதவையைப் பார்க்கப் போன கம்பெனி படகு, ரெண்டு பிணத்தைக் கொண்டுவந்தது. சூறையில் படகு கவிழ்ந்து மிதவையைப் பிடித்தவர்கள். காயாரோகணம் சங்கிலியில் சிக்கித் தண்ணீருக்குள் கிடந்தான். அவன் தம்பி பஞ்சநதம், மிதவையின் மறுபக்கம் ஏணியில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தொங்கினான்.

அறுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார். அண்ணன் செத்தது சூறை அடித்த ராத்திரி. தம்பி செத்தது சூறை ஓய்ந்த அன்றைக்குப் பொழுது சாயும்போது.

உச்சிப் பொழுதில் தம்பி உயிரோடு இருந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களைப் பெற்ற எல்லையம்மாள் உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காவப் படகுல நீதானப்பா இருந்த. எம் புள்ளைங்க யாரும் துணி காட்டலையா?"

தங்கையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லம்மா" என்றான் உத்திராபதி.