ஒரு வாய் ஐஸ் சைடர்

இருபது வருஷத்துக்கு முன்பு பர் துபாய் ஹோட்டல் ஒன்றில் நான் வெயிட்டர். மொன்ட்ரியாலிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், தான் கொண்டுவந்த ஐஸ் சைடர் பாட்டிலைக் கொடுத்து ஊற்றச் சொன்னார். ஆப்பிள் மதுவாம். ஆகஸ்ட் வெயிலுக்கு எல்லோருக்கும் செய்வதுபோல் பெரிய கிளாஸில் ஐஸை நிரப்பி, பாதி பாட்டிலை ஊற்றி வைத்தேன்.

"ஐயோ அண்ணை, இதுக்கு ஐஸ் போடுறேல்லை!"

சூப்பர்வைசர் ஓடிவந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நான்தான் ஐஸ் கேட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, அந்தப் பெண் சின்ன கிளாஸில் ஒரு வாய் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"குளிரில உறைய விட்டு எடுக்கிற சாறு. தண்ணியெல்லாம் ஐஸாப் போயிடும், இனிப்பு மட்டும் மிஞ்சும். டக்கெண்டு விழுங்காதேங்கோ."

டியூட்டியில் குடிக்கக் கூடாது. குடித்தேன். தேனாக இனித்து, லேசாகப் புளித்து, கடைசியில் காட்டமாக நெஞ்சில் இறங்கியது. சோற்றைக்கூட அவசரமாக அள்ளிப் போட்டே பழகிய வாய் அது.

அந்த வெள்ளிக்கிழமை டெலிபோன் கார்டில் மனைவியைக் கூப்பிட்டேன். கார்டு தீர்வதற்குள் எப்போதும் நானே கொட்டித் தீர்த்துவிடுவேன். அன்று, "நீ சொல்லு" என்றேன்.

அவள் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. நடுவில் ஒருமுறை சிரித்தாள். அது மட்டும் மிஞ்சியிருக்கிறது.