புக்கிட் பெராப்பிட் ஏற மாட்டேன் என்றேன்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு சீன முதலாளியிடம் லாரி டிரைவராகச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் நடந்தது இது.

அதற்கு முன்பு பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரப்பால் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையோடு, தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீடும் போனது. நிறைமாதமாக இருந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு ஈப்போவில் ஒரே ஒரு அறை வாடகைக்குப் பிடித்தேன். இந்த வேலை கிடைத்தபோது அவள் அழுதேவிட்டாள்.

கம்பெனியில் எல்லாரும் பழைய டிரைவர்கள். என்னை 'எஸ்டேட் டிரைவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். செம்மண் ரோட்டில் உருட்டினவனுக்குப் பெரிய ரோடு சரிப்படுமா என்று கிண்டல் வேறு. நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். இரண்டு வாரம் டவுனுக்குள்ளேயே சிமெண்டு ஏற்றினேன். பிறகு ஒரு பழைய லாரியைக் கொடுத்து, பாரிட் புந்தார் மில்லில் அரிசி ஏற்றி வரச் சொன்னார்கள். அதுவரை அதை ஓட்டிய மூத்த தமிழ் டிரைவருக்கு அப்போதுதான் புது லாரி கிடைத்திருந்தது.

காலி லாரியோடு போகும்போதே பிரேக் கொஞ்சம் இறங்கிப் பிடித்தது. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. அரிசி ஏற்றிக்கொண்டு மில் வாசலுக்கு வந்து பிரேக்கை மிதித்தேன். பெடல் அடித்தட்டு வரை போய்விட்டது. பதறிப்போய் மறுபடி மறுபடி மிதித்தேன். சைக்கிளில் குறுக்கே போன ஒரு மலாய்க்காரப் பெரியவருக்கு ஒரு முழம் தள்ளி லாரி நின்றது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஈப்போ திரும்ப வேண்டுமென்றால் தைப்பிங் தாண்டி புக்கிட் பெராப்பிட் மலையில் ஏறி, கோலா கங்சார் பக்கம் இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய லாரியை இந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் நிறுத்த முடியாது. லாரியை மெதுவாகப் பின்னால் எடுத்து மில்லுக்குள்ளேயே நிறுத்திவிட்டு, ஆபீஸிலிருந்து முதலாளிக்கு, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவருக்கு, டெலிபோன் செய்தேன்.

அவருக்குக் கோபம். இத்தனை நாள் ஓடிய வண்டி உனக்கு மட்டும் ஓடாதா, நீ ஓட்டாவிட்டால் வேறு ஆளை அனுப்புகிறேன், நாளையிலிருந்து வராதே என்று மலாயில் கத்தினார். மனைவி முகம் கண் முன்னால் வந்தது. ஆனாலும் சொன்னேன்:

"வேற ஆளையும் இதுல ஏற விடமாட்டேன், தவுக்கே. நீங்க வந்து பாத்துட்டு என்னை நிறுத்துங்க."

மூன்று மணி நேரம் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு லாரி நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலாளி ஒரு மெக்கானிக்கோடு காரில் வந்து இறங்கினார். சாவிக்குக் கையை நீட்டினார். அவரும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர்தான். மில்லுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள், ரோட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

முதல் சுற்றில் லாரி நின்றது. இரண்டாவது சுற்றில் நிற்கவில்லை. நேராகப் போய் உமி மேட்டுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. முதலாளி இறங்கி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே எல்லாம் பிரேக் எண்ணெய் ஒழுகிக் கிடந்தது.

மறுநாள் காலை கம்பெனியில் எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். என்னைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனிமேல் டிரைவர் சரியில்லை என்று சொன்னால் அந்த லாரி வெளியே போகாது, யாரும் பயப்படாமல் சொல்லலாம் என்றார். அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்ததும் அந்த மூத்த டிரைவர் என்னிடம் வந்தார். கிண்டல் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

"அந்தப் பெடலு எனக்கும் தெரியும்லா, தம்பி. ஆறு மாசமா ரெண்டு மிதி மிதிச்சுத்தான் பெராப்பிட் இறங்கினேன். சொன்னா வேலை போயிடுமேன்னு வாயைத் திறக்கல."

பரவாயில்லை அண்ணே என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் தன் லாரிக்குப் போனார். அதற்குப் பிறகு என்னை யாரும் எஸ்டேட் டிரைவர் என்று கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

ஓய்வு பெறும் வரை அங்கேயேதான் ஓட்டினேன். இந்த நாட்டில் நான் லாரி ஓட்டிப் போகாத ஊர் குறைவு. ஆனாலும் என் பிள்ளைகளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது, ஓட்ட மாட்டேன் என்று நான் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான்.