கண்ணீர்ச்சுழிக் குதிரைக்கு ஆள் தேடியவர்

கிருத்திகை விரதத்தன்று முருகனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். வெளியே போய் வந்த மகன் செருப்பைக் கழற்றாமலே சொன்னான்: "அம்மா, குதிரைத் தரகர் இப்ராகிம் பாய் மவுத்தாயிட்டாராம். அவிநாசியில காலைலயே எடுத்துட்டாங்களாம்." திரியைத் தூண்டிய விரல் எண்ணெயிலேயே நின்றுவிட்டது. ஜட்கா ஓட்டிப் பிழைத்த குடும்பங்கள் அவரை அறியும். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

அறுபதுகளில் எங்கள் வீட்டுக்காரர் திருப்பூர் ரயிலடிக்குப் பனியன் மூட்டை ஏற்றும் ஜட்கா வைத்திருந்தார். குதிரையின் பெயர் வள்ளி. நான் பக்கத்தில் நின்றால்தான் தண்ணீர் குடிக்கும். வண்டி கவிழ்ந்து அவருக்கு இடுப்பு போனபின் அதை விற்பதைத் தவிர வழியில்லை. ஆனால் வள்ளியின் இடது கண்ணுக்குக் கீழே ரோமம் சுழித்திருந்தது. கண்ணீர்ச்சுழி என்பார்கள், அது வந்த வீட்டில் அழுகை ஓயாதாம். எங்கள் வீட்டு விபத்தே அதற்குச் சாட்சி என்று வந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். விடாமல் கேட்டவன் ஒருவன்தான், ஊரில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸ்காரன். அவனுக்குச் சிங்கத்துக்கு இரை வேண்டும்.

பாய் பக்கத்து நெருப்பெரிச்சல் கிராமத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்த அன்று நான் ஒரு காரியம் செய்தேன். பூஜைக்கு அரைத்த சந்தனத்தை வள்ளியின் நெற்றியிலும் இரு கன்னத்திலும் அப்பி, சுழியின் மேல் குங்குமம் வைத்தேன். வந்தவருக்குக் குதிரை பிடித்துவிட்டது. துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேச வேண்டியதுதான் பாக்கி.

"ஏனம்மணி, குதிரைக்குக் கன்னத்துல பொட்டு வெச்சு இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்!" என்று சிரித்தபடி, பாய் அந்தத் துண்டாலேயே துடைத்துவிட்டார். வந்தவர் போய்விட்டார்.

"சிங்கத்துக்குப் போடவா பாய் வளர்த்தேன்?" என்று கத்தினேன்.

"மறைச்சு வித்தா, அவரு ஊட்டுல கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தாக்கூட இதைத்தான் சாட்டைல அடிப்பாங்க. அதுக்குச் சிங்கமே தேவலைங்க. எட்டு நாள் குடுங்க அம்மணி."

எட்டு நாளும் அவர் கால் ஓயவில்லை. கடைசி நாள் அருள்புரத்துப் பெரியவர் ஒருவருடன் வந்தார். இந்த முறை நானே முந்திக்கொண்டு, "சுழி இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. அழுவறதுக்கு என்ற ஊட்டுல என்னைய உட்டா ஆளில்லை. நானும் அழுது முடிச்சாச்சு" என்றார் அவர்.

வள்ளி தெருமுனை திரும்பும்வரை பாய் என் பக்கமே பார்க்கவில்லை.

பிறகு எப்போது வந்தாலும், நான் கேட்கும் முன்பே, "கொள்ளு நல்லாத் திங்குதுங்க" என்பார். ஒரு முறை போய்ப் பார்த்து வரட்டுமா என்றேன். "வேண்டாம் அம்மணி. உங்களைப் பாத்துட்டா அது அங்க தண்ணி குடிக்காது." நான் போகவில்லை. நினைக்காத நாளும் இல்லை.

போன மாதம் எங்கள் பழைய தையல் மிஷினை வாங்க ஒரு பெண் வந்தாள். "கனமான துணின்னா ஊசி ஒடியும் கண்ணு" என்று முதலிலேயே சொன்னேன். வேண்டாமென்று போய்விட்டாள். வருத்தமில்லை, பாயிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த ஒன்றுதான். மெல்லிய துணி மட்டும் தைக்கிறவள் எங்காவது இருப்பாள். தேடிக் கூட்டி வரத்தான் பாய் இல்லை.